பக்கவாத்தியம் பேசத் தொடங்கிய காலம்



பல ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் நான் உத்தியோகம் பார்த்து வந்த நாட்களில், குடியிருந்த வீட்டின் கீழ்ப் பகுதியில் வயது முதிர்ந்த மாது ஒருவர் வசித்து வந்தார். பிள்ளைகளுக்குப் பியானோ கற்பிப்பது அவருடைய ஜீவனோபாயம். மாலை ஐந்து மணி ஆயிற்றென்றால் அந்த ஓசை மாடிக்கு ஏறி வந்துவிடும். ஒரு ராகத்தை ஒரே இழையாக நீட்டிக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசுவது போன்ற அந்த வாசிப்பை நான் சங்கீதத்தில் சேர்க்கவே இல்லை. ஒரு நாள் ஏதோ வீட்டுக் காரியமாக அவரைக் காணச் சென்றபோது, இந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்லியும் விட்டேன்.

அந்த அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. பியானோவின் முன் அமர்ந்து, வலது கையை மடிமீது வைத்துக்கொண்டு, இடது கையால் இரண்டு கட்டைகளை மட்டும் மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஸட்ஜமும் பஞ்சமமும்! தம்புராவில் நாம் கேட்கும் அதே சுருதி. பிறகு அதன்மேல் வலது கையால் ஒரு சிறு மெட்டை வாசித்தார். சுத்த மத்யமத்தை எதிர்பார்த்த இடத்தில் பிரதி மத்யமம் வந்து விழுந்தது. கமகம் இல்லை, ஆகையால் அதைக் கல்யாணி என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆயினும் கல்யாணி குடியிருக்கும் தெருவுக்குள் வந்துவிட்டாற்போல் இருந்தது.

நான் கேட்டது போலந்து நாட்டுக் குடியானவரின் ஆட்டமெட்டைத் தழுவி எழுந்த மஸூர்க்கா ஒன்றின் நடுப்பகுதி. எழுதியவர் பிரெடெரிக் ஷொப்பான். அன்று முதல் மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கேட்கும் முறையை நான் மாற்றிக்கொண்டேன். மெட்டையே பற்றிக்கொண்டு போகாமல், மெட்டின் அடியில் என்ன நடக்கிறது என்று கவனிக்கலானேன். ரொமாண்டிக் காலம் என்று வழங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சங்கீதத்தினுள் நுழைவதற்கு அதுவே வாயில் என்று பிறகு கண்டேன். அவ்வழியாகவே இன்று உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

காலத்தை முதலில் குறித்துக்கொள்வோம். சியாமா சாஸ்திரிகள் காலமானது 1827-இல். அதே ஆண்டு மார்ச் 26-ஆம் தேதியன்று வியன்னா நகரில் பீத்தோவன் மறைந்தார். முத்துஸ்வாமி தீட்சிதர் 1835 வரையிலும், தியாகராஜ ஸ்வாமிகள் 1847 வரையிலும் வாழ்ந்தனர். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின், தீட்சிதரின் தம்பியான பாலுஸ்வாமி தீட்சிதரின் கையில் நம் சங்கீதத்துக்கு உரியதாக ஆனதும் அக்காலத்தை ஒட்டியே. இங்கே ஒரு புதிய பக்கவாத்தியம் வந்து அமர்ந்த நாளில், அங்கே பக்கவாத்தியத்தின் உத்தியோகமே மாறிக்கொண்டிருந்தது. பாடுகிறவருக்கு ஸ்வர ஆதாரமும் தாளமும் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பது பெரும்பாலும் அதன் பழைய கடமை. மோட்ஸார்ட்டின் ஆபெராக்களை அறிந்த நேயர்கள் இதை மறுக்கக்கூடும். அவருடைய வாத்தியங்கள் வாய் மூடி இருந்தவை அல்ல என்பது மெய்தான். ஆனால் அவர் இடமறிந்து செய்ததை, அவருக்குப் பின் வந்தவர்கள் தங்கள் கலையின் உயிர்நிலையாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பீத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் தீவட்டி ஏந்தி நடந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் ஷூபர்ட். மறு ஆண்டே, 1828 நவம்பரில், தமது முப்பத்தோராவது வயதில் அவரும் மாண்டார். அதற்குள் அறுநூறுக்கு மேற்பட்ட பாட்டுக்களை எழுதிவிட்டார். அவற்றுள் ஒன்று, கெதே எழுதிய பாவுஸ்ட் நாடகத்தில் இராட்டினத்தின் முன் அமர்ந்து நூல் நூற்கும் பெண்ணின் பாட்டு. ஷூபர்ட் அதற்கு இசை அமைத்தது 1814 அக்டோபரில்; அப்போது அவருக்கு வயது பதினேழு. பியானோவில் வலது கை ஓயாமல் சுழன்று சுழன்று ஓடுகிறது. அது இராட்டினத்தின் சக்கரம். இடது கை ஒழுங்காகத் தட்டுகிறது. அது காலால் மிதிக்கும் மிதி. அந்தப் பெண் காதலனை எண்ணிப் பாடிக்கொண்டே போகிறாள். அவனுடைய பேச்சு, அவன் கைப்பிடித்தது, கடைசியில் அவன் தந்த முத்தம் என்று நினைவு ஏறுகிறது. முத்தம் என்ற சொல் வந்தவுடன் சக்கரம் நின்றுவிடுகிறது. பியானோ மௌனம். பிறகு ஒரு முறை சுழலப் பார்த்து நிற்கிறது. மறுமுறை முயன்று நிற்கிறது. மூன்றாவது முயற்சியில்தான் பழைய ஓட்டம் வருகிறது.

அவள் கை நின்றது என்று பாட்டின் சொற்களில் எங்கும் இல்லை. கவி எழுதாத ஒன்றைப் பியானோ சொல்லிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று நான் வியக்காத நாளில்லை.

கெதே இதை எவ்வாறு ஏற்றார் என்று கேட்பீர்கள். 1816-இல் ஷூபர்ட்டின் நண்பர்கள் இப்பாட்டுக்களை நல்ல எழுத்தில் பிரதி செய்து அவருக்கு அனுப்பினார்கள். ஒரு வார்த்தையும் இல்லாமல் கட்டு திரும்பி வந்தது. கெதேயைக் குறை சொல்லி ஆவதில்லை. கவிதைக்கு இசை அடக்கமாகப் பணி செய்ய வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் ஒரே எளிய மெட்டு வர வேண்டும் என்பது அவருடைய ருசி. தம் கவிதையின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்துகொண்டு தாமும் பேசுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

ஷூபர்ட் 1827-இல் எழுதிய "குளிர்காலப் பயணம்" என்னும் இருபத்து நான்கு பாட்டுக்களின் தொகுதியில் கடைசிப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். காதலில் தோற்று ஊரை விட்டுப் பனியில் நடந்து போகிறவன், கடைசியில் ஊர்க்கோடியில் ஒரு கிழவனைக் காண்கிறான். கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஒரு சிறு பிச்சைக்கார வாத்தியம் கிழவனுடையது; கால் வெறுங்கால்; தட்டில் ஒரு காசும் இல்லை; கேட்பாரும் இல்லை. இந்தப் பாட்டு முழுவதிலும் பியானோவின் இடது கையில் இரண்டே ஸ்வரங்கள்தாம், முதலிலிருந்து முடிவு வரை. அவையும் ஸட்ஜ பஞ்சமங்களே. நமக்கு மங்களமும் நிறைவும் தரும் அந்தச் சுருதி, இங்கே ஒரு மனிதனுக்கு உலகம் எவ்வளவு காலியாகிவிட்டது என்று காட்டுகிறது. முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது.

இவ்வளவையும் பேசுவதற்குப் பியானோவுக்கும் சக்தி வேண்டுமல்லவா? பாரிஸ் நகரத்து எரார் என்பவர் 1821-இல் புதுவகைப் பொறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். அழுத்திய கட்டை முழுதும் மேலே எழுமுன்னரே அதே ஸ்வரத்தை மறுபடி ஒலிக்கச் செய்யும் உபாயம் அது. மரச் சட்டத்துக்கு வலுவாக இரும்பும், பிறகு இரும்பு வார்ப்புச் சட்டமும் வந்தன. தந்திகளை முன்னிலும் முறுக்கிக் கட்ட முடிந்தது. ஐந்து ஸ்தாயிகளில் இருந்த வாத்தியம் ஏழு ஸ்தாயிகளாக வளர்ந்தது. வலது காலால் ஒரு மிதியை அழுத்தினால் தந்திகளை அடக்கும் தடைகள் எல்லாம் விலகி, ஒலித்த ஸ்வரம் கை எடுத்த பின்னும் நின்று ஒலிக்கும். கீழ் ஸ்தாயியில் ஒன்றைத் தட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கை மேலே தாவிப் போகலாம். இந்த மிதியைத் தம் மூச்சைப் போல் பயன்படுத்தியவர் ஷொப்பான்.

ஷொப்பான் 1810-இல் வார்சாவுக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் போலந்துப் பெண்மணி. வார்சா பின்னர் ருஷ்ய ஜார் மன்னரின் ஆட்சியில் வந்துவிட்டது. சங்கீதத்தில் பெயரெடுக்கலாம் என்று 1830 நவம்பர் 2-ஆம் தேதி அவர் வார்சாவை விட்டுப் புறப்பட்டார். அம்மாத இறுதியிலேயே அங்கே ஜாருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. அச்செய்தி ஜெர்மனியில் வழியிலிருந்த அவரை எட்டியது. பிறகு பாரிஸ் போய்ச் சேர்ந்தார். தாய்நாட்டு மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை. 1835-இல் கார்ல்ஸ்பாட் என்னும் ஊரில் தாய் தந்தையரை ஒரு முறை கண்டார், அதுவே கடைசி. ஊர் விட்டு வந்து வாழும் நாம் விடுமுறை கிடைத்தால் ரயில் ஏறிவிடலாம். அவருக்கு அந்த ரயில் இல்லை.

பாரிஸ் மாளிகைகளில் பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, வாழ்நாளின் இறுதிவரை ஐம்பதுக்கு மேற்பட்ட மஸூர்க்காக்களை அவர் எழுதினார். அது மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் ஆடும் கிராமத்து ஆட்டம். அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வந்து விழும். கிராமத்துத் துருத்தி வாத்தியத்தின் ஓயாத சுருதியைப் பியானோவின் இடது கைக்குக் கொண்டுவந்தார். பிரதி மத்யமம் கலந்த பழைய குடியானவர் மெட்டின் சாயலை வலது கைக்குத் தந்தார். பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் பிழை என்று திருத்தியிருக்கக்கூடிய ஸ்வரம் அது. கல்கத்தாவில் அந்த அம்மையார் எனக்கு வாசித்துக் காட்டியது இப்படிப்பட்ட இடத்தைத்தான்.

தாளம் பற்றி ஒரு செய்தி. இதை எழுதி வைத்தவர் ஷொப்பானிடம் பாடம் கேட்ட லென்ஸ் என்பவர். ஒரு நாள் லென்ஸ் மஸூர்க்கா ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கையில், அக்காலத்தில் ஆபெரா உலகில் பெரும்புகழ் பெற்றிருந்த மையர்பேர் உள்ளே வந்தார். கேட்டுவிட்டு, இது இரண்டு எண்ணிக்கைத் தாளம் என்றார். ஷொப்பான், மூன்று என்றார். மையர்பேர் விடவில்லை. வழக்கமாகக் குரல் உயர்த்தாத ஷொப்பான், பென்சிலால் தட்டித் தாளம் காட்டி, தாமே உட்கார்ந்து வாசித்து, உரக்க எண்ணி, முகம் சிவந்து போனாராம். அப்போதும் மையர்பேர் ஒப்பவில்லை. இருவரும் மனஸ்தாபத்தோடு பிரிந்தார்கள்.

நம் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இராது. மிருதங்கம் காலப்பிரமாணத்தைப் பிடித்திருக்க, பாடகர் ஓர் எழுத்தைச் சற்று நிறுத்தி, அடுத்ததைச் சற்று விரைந்து எடுத்து விளையாடுவதில்லையா? ஷொப்பானும் தம் மாணவர்களுக்கு அதையே சொல்லி வந்தார். இடது கை காலத்தைக் காக்க வேண்டும். வலது கைக்குச் சுதந்தரம் உண்டு. ஆக, அவருடைய இடது கை சுருதியும் தாளமும் தாங்கி நின்றது. வலது கையோ அந்த ஆதாரத்தின்மேல் பேசும் மனிதனைப் போல் தயங்கியும் விரைந்தும் சென்றது. இத்தனையும் ஒரே ஆள், ஒரே வாத்தியம். பெரிய மண்டபங்களில் வாசிப்பதை அவர் வெறுத்தார். அவர் வாழ்நாளில் நடத்திய பொதுக் கச்சேரிகள் முப்பதளவிலேயே இருக்கும். 1849 அக்டோபர் 17-ஆம் தேதி பாரிஸில் இறந்தார். உடல் அங்கேயே அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, அவர் சகோதரி லுட்விகா வார்சாவுக்குக் கொண்டு சென்றார். அங்கே புனித சிலுவைத் தேவாலயத்தின் தூண் ஒன்றினுள் அது இருக்கிறது.

ராபர்ட் ஷூமான், ஷூபர்ட்டின் வழியில் ஓரடி முன் சென்றார். கிளாரா என்னும் பியானோ மேதையை மணப்பதற்கு, அவளுடைய தந்தையோடு நீதிமன்றம் வரை போராடி, 1840-இல் வென்றார். அந்த ஓராண்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்கள் எழுதினார். ஹைனேயின் கவிதைகளுக்கு அவர் அமைத்த "கவிஞனின் காதல்" தொகுதியில் முதல் பாட்டு முடிவதே இல்லை. வைகாசி வசந்தத்தில் காதலைச் சொன்னதாகப் பாடி முடித்த பின், பியானோ, ஸட்ஜத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு ஸ்வரக்கூட்டில் வந்து, போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. சொன்னதற்குப் பதில் கிடைத்ததா என்பது கவிதையில் இல்லை, பியானோவில் இருக்கிறது. தொகுதியின் இறுதியில் குரல் ஓய்ந்த பிறகும் பியானோ வெகுநேரம் தனியே வாசிக்கிறது. இதற்குப் பிறகு அதைப் பக்கவாத்தியம் என்று அழைப்பதே சிரமம்.

இனி வாத்திய கோஷ்டிக்கு வருவோம். எக்டர் பெர்லியோஸ் என்னும் பிரெஞ்சுக்காரருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. புல்லாங்குழலும் கிடாரும் தெரியும். பியானோவில் யோசித்துப் பிறகு வாத்தியங்களுக்குப் பங்கிடும் பழக்கம் இல்லாமற்போனது அவருடைய அதிர்ஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். ஒவ்வொரு வாத்தியத்தின் குரலையும் ஒரு நாடக பாத்திரத்தின் குரலாக அவர் கேட்டார். 1827-இல் பாரிஸில் ஷேக்ஸ்பியர் நாடகம் நடித்த ஹாரியட் ஸ்மித்ஸன் என்னும் நடிகையைக் கண்டு, பேசிப் பழகாமலே காதல் பித்து ஏறியது. 1830 டிசம்பர் 5-ஆம் தேதி அரங்கேறிய "அற்புத சிம்பொனி" அந்தப் பித்தின் கதை. காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டு ஐந்து பகுதிகளிலும் வருகிறது. நடன மண்டபத்தில் ஒரு சாயல், வயல்வெளியில் ஒரு சாயல். கடைசியில் சூனியக்காரிகளின் கூத்தில் அதே மெட்டு கீச்சுக் குரல் கிளாரினெட்டில் கேலிக்கூத்தாகிவிடுகிறது.

மூன்றாம் பகுதிதான் என் மனத்தில் நிற்பது. மாலை நேரம். மேடையில் ஓர் இடையன் குழல் ஊதுகிறான். மேடைக்கு வெளியே தூரத்திலிருந்து இன்னொரு குழல் பதில் தருகிறது. பகுதி முடியும்போது முதல் இடையன் மறுபடி ஊதுகிறான். இம்முறை பதில் இல்லை. நான்கு பேர் மெல்ல முழக்கும் பேரிகைகளில் தூரத்து இடிதான் கேட்கிறது. இடியைப் பேரிகையில் காட்டுவது அவருக்கு முன்பும் இருந்ததே. ஆனால் ஒருவன் கேட்ட கேள்விக்கு ஆள் பதில் வராமல் இடி பதிலாக வருவது வேறு விஷயம். 1833-இல் பெர்லியோஸ் அந்த நடிகையையே மணந்தார். மணவாழ்க்கை சோபிக்கவில்லை என்பதோடு அதை விட்டுவிடலாம்.

பிரான்ஸ் லிஸ்ட்டைப் பற்றி மிகுதியாகப் பேச நேரமில்லை. துணையாக யாரும் இன்றி ஒருவரே மாலை முழுவதும் வாசிக்கும் தனிக் கச்சேரியை 1839, 1840 ஆண்டுகளில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரே சிறு மெட்டை உருமாற்றி உருமாற்றி ஒரு பெரும் படைப்பையே கட்டிய அவருடைய முறை, ஆரவாரமான அவர் வாசிப்பைக் காட்டிலும் அதிக காலம் நிலைத்தது. அவருடைய மருமகனாகப் பின்னாளில் ஆன ரிஹார்ட் வாக்னர் அதனால் ஆதாயம் அடைந்தவர்களில் முதல்வர்.

வாக்னரை ஒரு மனிதராக எனக்குப் பிடிக்காது. 1850-இல் யூதர்களைப் பழித்து அவர் எழுதிய கட்டுரை வெட்கப்பட வேண்டிய ஒன்று. அதைப் பின்னாளில் மறுபடி அச்சிடவும் செய்தார். இதைச் சொல்லாமல் அவர் சங்கீதத்தைப் புகழ்வது நேர்மை ஆகாது. ஆயினும் பக்கவாத்தியம் பேசிய கதையின் உச்சம் அவரிடமே இருக்கிறது. அவருடைய "டிரிஸ்டன்" ஆபெராவை வியன்னாவில் எழுபதுக்கு மேற்பட்ட முறை ஒத்திகை பார்த்து, நடத்த முடியாதென்று கைவிட்டார்கள். 1865 ஜூன் 10-இல் மியூனிக்கில் அரங்கேறியது. தொடக்கத்திலேயே ஒரு ஸ்வரக்கூட்டு வருகிறது. அது எங்கே போய் அடங்கும் என்று காது ஏங்குகிறது. அடங்கவில்லை. வேறொரு ஏக்கத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரச் சங்கீதத்தின் பின், காதலன் இறந்து, காதலியும் உயிர் விடும் கடைசி நொடியில்தான் அந்த ஸ்வரங்கள் தம் இருப்பிடம் சேர்கின்றன.

1876-இல் பைராய்ட் என்னும் ஊரில் தாமே கட்டுவித்த அரங்கில், நான்கு இரவுகள் தொடர்ந்து நடக்கும் "மோதிரம்" தொடரை அவர் முழுதும் நடத்தினார். வாத்திய கோஷ்டியைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் மேடைக்கு அடியில் அமர்த்தினார். இரண்டாம் நாள் நாடகத்தில் ஒரு பெண், தன் கலியாணத்தன்று அழைக்காமல் வந்த கிழவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறாள். அவர் ஒரு வாளை மரத்தில் பாய்ச்சிவிட்டுப் போனாராம். அவர் தெய்வம் என்று அவளுக்குத் தெரியாது. அதே சமயம், அடியிலிருந்து கோஷ்டி மெல்ல ஒரு மெட்டை வாசிக்கிறது. முதல் நாள் தேவர்களின் மாளிகை தோன்றியபோது கேட்ட மெட்டு. வந்தவர் தேவர்களின் தலைவன், அவளைப் பெற்ற தந்தை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாடுகிறவள் அறியாததை வாத்தியங்கள் அறிந்திருக்கின்றன. அதை அவளிடம் சொல்லாமல் நம்மிடம் சொல்கின்றன.

இதெல்லாம் மிகை என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். கதையும் சித்திரமும் இல்லாமல் சங்கீதம் தன் காலிலேயே நிற்கும் என்று நம்பிய யோஹானஸ் பிராம்ஸ், பல ஆண்டுகள் தயங்கித் தயங்கி எழுதிய முதல் சிம்பொனியை அதே 1876-இல்தான் வெளியிட்டார். எந்தக் கட்சி சரி என்று என்னைக் கேட்டால், மாலையில் பிராம்ஸையும் நள்ளிரவில் ஷூபர்ட்டையும் கேட்பேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

கேட்டுப் பார்க்க விரும்பும் நேயர்கள் வாக்னரிடம் முதலில் போக வேண்டாம். ஷொப்பான் இறந்த பின் அச்சான அறுபத்தெட்டாம் தொகுதியின் மூன்றாவது மஸூர்க்காவைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கும். அதன் நடுப்பகுதி வந்தவுடன் மெட்டை விட்டுவிட்டு, இடது கையை மட்டும் கேளுங்கள். அந்தச் சுருதி சீக்கிரமே நின்றுவிடும். ஆகையால் காதைத் தீட்டிக்கொண்டு முன்கூட்டியே காத்திருக்க வேண்டும்.